கல் பங்களாவும் கல்யாணப் புகையும்

பங்களா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் மேனேஜர் உங்களை எல்லாம் வராண்டாவில் உட்கார வைத்து, என்னை முன்னால் நிறுத்தி, "சரசக்கா, உங்க அனுபவத்தச் சொல்லுங்க" என்றார். நான் "நல்லா வேலை பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ எடுத்து வரப் போய்விட்டேன். நாலு பேர் சேர்ந்தாற்போல் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் பாட்டு ஒப்பிக்கச் சொன்னபோதும் இப்படித்தான். பேச வராததை எழுதித் தருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். இது அதுதான்.

படுக்கை விரிப்பது, வெந்நீர் போடுவது, ரூமைக் கூட்டுவது இதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒவ்வொன்று சொல்லும்போது, அந்த வீட்டுக்குப் பொறுப்பான ஆள் என்ன செய்வது என்பது. முழங்கால் படி ஏற மறுத்ததால் போன வருஷம் வேலையை விட்டு நின்றேன். அதுவரை இந்தக் கல் பங்களாவில் எனக்கு அப்படிப் பல நாள் வந்திருக்கிறது. நினைத்தாலே சிரிப்பு வருகிற நாள் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் வீடு. நீங்கள் தினமும் பார்க்கிற வீடுதான், ஆனாலும் ஒரு தடவை நின்று பாருங்கள். இந்த மலையிலேயே உடைத்த கல். சன்னலில் உள்ளே இருந்து கையை நீட்டினால் விரல் நுனி வெளிச்சுவரை எட்டாது, அவ்வளவு தடிமன். அதனால்தான் சன்னல் மேடையில் விருந்தாளிகளின் பிள்ளைகள் காலை மடக்கி உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். நடுவில் ஹால். ஹாலின் கிழக்குச் சுவரில் குளிர் காய்வதற்கான கணப்பு, நாம் சிம்னி என்று சொல்கிறோமே அது. அதற்கு முன்னால் தரையில் பெரிய கல் பலகை. கணப்புக்குப் பக்கத்திலேயே, அதே கிழக்குச் சுவரில், சமையல்கட்டுக்குப் போகும் கதவு. எதிர்ப்புறம், மேற்கே, பெரிய இரட்டைக் கதவும் வராண்டாவும்.

கட்டிய வெள்ளைக்காரர் பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் முகப்பை வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் குதிரைப் பாதை மேற்கே கீழிருந்து ஏறி வந்ததாம். பிறகு ஜீப் ரோடு பின்பக்கம் வந்துவிட்டது. அதனால் இப்போது வருகிறவர்கள் எல்லோரும் சமையல்கட்டுப் பக்கமாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். முகப்பு ஒரு பக்கம், ஆள் வருவது மறுபக்கம். இது ஒரு அழகான அசௌகரியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனி ஆட்கள். தங்கராசு அண்ணனை உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் சமையல் அவர்தான். அவர் மனைவி சாந்தியக்கா எஸ்டேட்டில் காப்பிக் களத்தில் வேலை பார்த்தவர். அக்காவுக்கு வீசிங். கொஞ்சம் புகை பட்டாலும் மூச்சு இழுக்கும். அவர்கள் வீட்டில் விறகு அடுப்பை எடுத்தே பல வருஷம் ஆயிற்று. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் ஐயர் ஓமம் வளர்க்கிற நேரத்தில் அக்கா வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொள்ளும். தாலி கட்டியதும் வந்து அட்சதை போடும்.

அவர்கள் மகள் மணிமேகலைக்குக் கல்யாணம் முடிவானது. முதலாளி தானாகவே சொன்னார், அந்த நாளில் விருந்தாளி யாரையும் எடுக்க வேண்டாம், பங்களாப் புல்தரையில் பந்தல் போட்டுக்கொள்ளட்டும் என்று. ஹால் மட்டும் வேண்டாம், சுண்ணாம்புச் சுவர் கரி பிடித்துவிடும் என்றார். ஹால் யாருக்கும் தேவையாகவும் இல்லை. தங்கராசு அண்ணன் ஏற்காட்டு மண்டபத்தை விட்டு இங்கே வைத்ததற்கே காரணம் திறந்த வெளிதான். புகை ஒரு பக்கம் போகும், சாந்தி மறுபக்கம் நிற்கலாம். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்க வேண்டும் அல்லவா? அண்ணனுக்கு அது ஒன்றுதான் குறி. சாப்பாடு, சீர், போட்டோ எதைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை.

ஐப்பசி மாதம். விடியும்போது பந்தல் நின்றுகொண்டிருந்தது. வராண்டா வாசலில் வாழை மரமும் தோரணமும் கட்டி முடித்ததும் கிழக்கே இருந்து மழை வந்தது. சாதாரண மழை இல்லை, காற்றோடு. பந்தல் துணி தண்ணீரைத் தாங்கித் தொங்கி, கடைசியில் ஒரு மூலை சாய்ந்தது. மணமேடைக்குப் போட்ட ஜமுக்காளத்தில் பூவெல்லாம் மிதந்தது. மாப்பிள்ளை வீட்டார் சேலத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். அவர்கள் வந்த பிறகு ரோட்டில் மரம் விழுந்துவிட்டது. இனி மண்டபத்துக்குப் போகவும் வழி இல்லை. வராண்டா ஒரு கட்டில் அகலம்தான், சாரல் அங்கேயும் சுழன்று அடித்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹால் சாவி என் இடுப்பில்.

முதலாளிக்குப் போன் போட்டேன். மழையில் டவர் போயிருந்தது. முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற மணப்பெண்ணைப் பார்த்தேன். அவள் பட்டுப்புடவைக்கு மேல் காப்பிச் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். இதற்கு மேல் யாரைக் கேட்பது? கதவைத் திறந்துவிட்டேன். முதலாளி கேட்டால் சுவருக்குச் சுண்ணாம்பு நானே அடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டின் விதிகளை மதியுங்கள். ஆனால் அந்த விதியைப் போட்டவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்றும் யோசியுங்கள். நம் முதலாளி மணப்பெண்ணை மழையில் நிறுத்துகிற ஆள் இல்லை.

ஹாலில் எல்லோரும் நுழைந்து, தலை துவட்டி, ஜமுக்காளம் விரித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. ஓமம். இந்த மூடிய கல் அறைக்குள் புகை எங்கே போகும்?

சாந்தியக்கா முதலில் புரிந்துகொண்டார். சேலை முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாதாரணமாகச் சொல்வது போல, தாரை வார்ப்பதைச் சித்தியும் சித்தப்பாவும் செய்யட்டும், நான் சமையல்கட்டில் நிற்கிறேன், தாலி கட்டும்போது கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மணிமேகலை விடவில்லை.

"நீ இல்லீன்னா நான் மணையில உக்கார மாட்டேம்மா. மாப்பிள்ளை வேணும்னா தனியா உக்காந்துக்கட்டும்."

மாப்பிள்ளை பாவம், தலையில் துண்டோடு, நான் என்ன தப்பு செய்தேன் என்பது போல விழித்தார். ஐயர் போனில் மணி பார்த்தார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதே கணப்பு ஞாபகம் வந்தது. புகை போவதற்கென்றே ஒரு வழி சுவருக்குள் இருக்கிறதே. அதற்கு முன்னால் இருக்கும் கல் பலகையில் ஓம குண்டத்தை வைத்தால் என்ன? கிழக்குச் சுவர் என்பதால் மாப்பிள்ளையும் பெண்ணும் கிழக்கு பார்த்தே உட்காரலாம். ஐயருக்கும் பிடித்துவிட்டது. போட்டோகிராபருக்கு மட்டும் பிடிக்கவில்லை. எல்லாப் படத்திலும் இரண்டு முதுகுதான் விழும் என்றார். அவரைக் கணப்புக்குப் பக்கத்துச் சன்னல் மேடையில் ஏற்றி விட்டோம். ஆள் கொஞ்சம் பெருத்த உடம்பு. ஏறியவர் சாப்பாடு வரை இறங்கவில்லை.

முதலில் நாலு குச்சி வைத்துக் கொளுத்திப் பார்த்தோம். புகை கணப்புக்குள் தலையை நீட்டிவிட்டு, அங்கே யாரோ திட்டியது போல, மொத்தமாகத் திரும்பி ஹாலுக்குள் வந்தது. சாந்தியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார்.

அக்காவின் தம்பி பழனிசாமி அங்கே இருந்தார். வாழவந்தியில் ஜீப் ஓட்டுகிறவர். மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாத மனிதர். அவர் ஜீப்பிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்துவிட்டார். தெற்குச் சன்னல் ஆணி அடித்து மூடியிருக்கிறது, அதைப் பெயர்த்தால் புகை போய்விடும் என்றார். ஒருவர் ஓட்டைப் பிரிக்கலாம் என்றார். இன்னொருவர் ஓமமே வேண்டாம், கற்பூரம் போதும் என்றார். கல் அறையில் ஒருவர் பேசினால் மூன்று பேர் பேசுவது போலக் கேட்கும். அன்றைக்கு முப்பது பேர் பேசினார்கள். ஓரத்தில் தவில்காரர் வேறு விரலைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். நான் "வேண்டாமுங்க" என்று இரண்டு தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கத்தத் தெரியாதவர்கள் அப்படிப்பட்ட நேரத்தில் வேறு ஒன்று செய்யலாம். பிரச்சினை இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். நான் போய்க் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து தலையை உள்ளே விட்டு மேலே பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. நம் பங்களாவில் குளிர்காலம் முடிந்ததும் வௌவாலும் குளவியும் இறங்காமல் இருக்கப் பழைய காப்பிச் சாக்கைப் பந்தாகச் சுருட்டிச் சிம்னிக்குள் திணித்து வைப்போம். மார்கழி விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் எடுப்போம். இது ஐப்பசி. சாக்கு உள்ளேயே இருந்தது. திணிக்கச் சொன்னதே நான்தான்.

தலையை வெளியே எடுத்துப் பழனிசாமியிடம் சொன்னேன். அவர் கடப்பாரையைக் கீழே போட்டார். "அட, இதுக்குத்தானா," என்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணப்புக்குள் மல்லாந்து படுத்து, கையை மேலே விட்டு ஒரு இழு இழுத்தார். சாக்கு வந்தது. அதோடு பல வருஷத்துக் கரியும் வந்தது. ஒரு நிமிஷம் ஆளையே காணோம். பிறகு கரிக்குள் இரண்டு கண் திறந்தது.

"வெளிச்சம் தெரியுதுங்கக்கா," என்றார்.

ஹாலே சிரித்தது. மாப்பிள்ளை அதுவரை சிரிக்காதவர், அவரும் சிரித்தார்.

திரும்பக் கொளுத்தினோம். இந்தத் தடவை பாதிப் புகை மேலே போனது. மீதிப் பாதி தயங்கித் தயங்கி ஹாலுக்குள் வந்தது. எல்லோரும் ஓடி ஓடிச் சன்னல்களைத் திறந்தார்கள். திறக்கத் திறக்கப் புகை இன்னும் அதிகமாக உள்ளே வந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். புகை என்றால் கதவைத் திறக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான். ஒருமுறை இதே போல மழை நாளில் சென்னையிலிருந்து வந்த குடும்பத்துக்குக் கணப்பு மூட்டினேன். புகை. எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். இன்னும் புகை. அவர்கள் கூட்டி வந்த நாய் பெரிய கதவு வழியாக வெளியே ஓடப் பார்த்தது. அதைத் தடுக்க அந்த அம்மாள் மேற்குக் கதவைப் பட்டென்று சாத்தினார். சாத்தியதும் யாரோ மேலே இருந்து உறிஞ்சியது போலப் புகை முழுக்கச் சிம்னிக்குள் போய்விட்டது. கிழக்கே இருந்து காற்று அடிக்கும்போது மேற்குக் கதவு திறந்திருந்தால் அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை இழுத்துக்கொள்கிறது. சிம்னிக்கு இழுக்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. மேற்கைச் சாத்திவிட்டுக் கிழக்கைக் கொஞ்சம் திறந்து வைத்தால், காற்று உள்ளே வந்து புகையை மேலே தள்ளிவிடுகிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்த நாயின் பெயர் இன்றைக்கும் தெரியாது.

ஆகவே பெரிய கதவைச் சாத்த வேண்டும். நான் போய் ஒரு பக்கக் கதவைத் தள்ளினேன். அவ்வளவுதான், மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவிட்டார். சேலத்து அத்தை. வந்ததிலிருந்து நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் முகூர்த்த நேரத்தில் வாசல் கதவைச் சாத்துவதா? மகாலட்சுமி எந்த வழியாக வருவாள்? வாழை மரம், தோரணம் எல்லாம் அந்தப் பக்கம்தானே கட்டியிருக்கிறது? அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணம் என்றாலும் நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவர் பக்கத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். தங்கராசு அண்ணன் சமையல்கட்டு வாசலில், மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தி வீட்டாரை எதிர்த்து அவர் பேச முடியாது. பேச வேண்டியவள் நான். என் நாக்கு வழக்கம் போல ஒட்டிக்கொண்டது.

புகையைப் பற்றி விளக்கியிருந்தால் நான் தோற்றிருப்பேன். சாத்திரத்தைக் காற்றால் தள்ள முடியாது. வேறு ஏதாவது சொல்ல வேண்டும். அத்தையின் செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண் தேடியது. அது சமையல்கட்டுப் பக்கம், மற்ற எல்லாருடைய செருப்போடும் கிடந்தது.

"ஏனுங்க அத்தை," என்றேன். "காலையில நீங்க எந்தக் கதவு வழியா ஊட்டுக்குள்ள வந்தீங்க?"

"இப்படித்தான். ஜீப்பு இந்தப் பக்கம்தானே நிக்குது."

"மாப்பிள்ளை?"

"அவனும்தான்."

"பொண்ணும் இப்படித்தானுங்க வந்துச்சு. எல்லாரும் வந்த வாசல்தானுங்க வாசல். அது நொம்ப அகலமாத் தொறந்தே இருக்கட்டும். இந்தப் பக்கம் சும்மா வேடிக்கை பாக்கறதுக்குக் கட்டுனதுங்க."

அத்தை கிழக்குக் கதவைப் பார்த்தார். மேற்குக் கதவைப் பார்த்தார். "அது எந்தத் திசை?" என்று கேட்டார்.

"கிழக்குங்க."

"கிழக்கு வாசலை வச்சுக்கிட்டு யாராச்சும் மேக்கால தோரணம் கட்டுவாங்களா?" என்று எங்கள் எல்லோரையும் ஒரு அதட்டு அதட்டினார். பிறகு அவரே முன்னால் நின்று தோரணத்தை அவிழ்க்க வைத்து, சமையல்கட்டுக் கதவில் கட்ட வைத்தார். வாழை மரம் நிலைப்படிக்குள் வரவில்லை, நுனியை வெட்டி நிறுத்தினார்கள். அந்தக் கதவுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. தினமும் நாம் காய்கறிக் கூடையும் குப்பையும் கொண்டு போகிற வழி.

மேற்குக் கதவைச் சாத்தினேன். சன்னல்களைச் சாத்தினோம். நாதஸ்வரக்காரர்கள் ஹாலுக்குள் வாசித்தால் காது போய்விடும் என்பதால் அவர்களை வராண்டாவில், சாத்திய கதவுக்கு வெளியே உட்கார வைத்தோம். மூலையில் சாரல் படாத இடம் அவர்களுக்குப் போதும். கல்லையும் மரத்தையும் தாண்டி வந்த நாதஸ்வரம் பதமாக, தூரத்துக் கோயிலில் வாசிப்பது போலக் கேட்டது. கெட்டிமேளத்துக்குச் சைகை காட்ட, உயரத்தில் இருக்கும் சன்னல் மேடைக்காரர்தான் மேற்குச் சன்னல் கண்ணாடி வழியாக அவர்களுக்குத் தெரிவார் என்று போட்டோகிராபரின் கையில் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்தோம்.

ஐயர் குண்டத்தில் நெய்யை விட்டார். புகை எழுந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம், மாப்பிள்ளை பெண்ணை யாரும் பார்க்கவில்லை. புகை கொஞ்சம் முன்னால் சாய்ந்தது, வளைந்தது, பிறகு அடங்கிய மாடு கொட்டிலுக்குள் போவது போலக் கணப்புக்குள் நுழைந்து மேலே போனது. தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

சாந்தியக்கா கதவோரத்திலிருந்து ஒரு அடி வைத்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். இன்னொரு அடி. தங்கராசு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். தாரை வார்த்தார்கள். தண்ணீர் கொஞ்சம் தாம்பாளத்துக்கு வெளியேயும் விழுந்தது. அக்கா இருமவில்லை. மணிமேகலை ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் அம்மாவின் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, இங்க பாரு," என்று ஐயரே சொல்ல வேண்டியதாயிற்று. போட்டோகிராபர் உணர்ச்சிவசப்பட்டுத் துண்டைக் கொஞ்சம் சீக்கிரமே ஆட்டிவிட்டார். கெட்டிமேளம் முன்னால் வந்தது, தாலி பின்னால் ஏறியது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நான் அட்சதை போட மறந்து கையிலேயே வைத்திருந்தேன்.

முதலாளி மறுநாள் வந்து சுவரைப் பார்த்தார். ஒரு கரிக் கோடுகூட இல்லை. நான் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். பழைய கட்டடத்தில் எதையும் உடைப்பதற்கு முன்னால், எதை நாமே அடைத்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். ஒரு வீட்டுக்கு எது முன், எது பின் என்பதைக் கட்டியவர் ஒரு தடவை முடிவு செய்கிறார், குடியிருப்பவர்கள் தினமும் முடிவு செய்கிறார்கள். மனிதர்களிடம் பேசும்போது அவர்கள் பயப்படுவது எதற்கு என்று கண்டுபிடித்து அதற்குப் பதில் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது இன்னும் சுலபம், நாம் கொஞ்சம்தான் பேசப் போகிறோம்.

தாலி கட்டி முடிந்ததும் தாய்மாமன் சீர். பழனிசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் கரியோடு அப்படியே வந்து நின்றார். முகம், சட்டை, பட்டு வேட்டி, தலை எல்லாம் கறுப்பு. பல் மட்டும் வெள்ளை. தட்டில் இருந்த புதுப் புடவையில் அவருடைய அஞ்சு விரலும் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் சாந்தியக்கா ஆரம்பித்தார்.

"ஏன்டா, மாமன்னு வந்து நிக்கற லட்சணமாடா இது? ஒரு முகத்தக் கழுவ இந்த மலையில தண்ணி இல்லையா உனக்கு, வெளிய கொட்டுதே அது என்ன? ஆயுசுக்கும் அந்த ஆல்பத்துல கரிச்சட்டி மாதிரி நிப்பியேடா, பாக்கறவங்களுக்கு எல்லாம் நான் என்ன பதில் சொல்றது, அந்தப் புடவைய ஏன்டா தொட்ட..."

அது நிற்கவில்லை. ஜீப், கடப்பாரை, சின்ன வயதில் அக்காவின் பாவாடையில் தம்பி மை கொட்டியது என்று போய்க்கொண்டே இருந்தது. பழனிசாமி பல்லைக் காட்டியபடி நின்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் இது என்ன என்று யாரோ அக்காவை நிறுத்தப் போனார்கள். தங்கராசு அண்ணன் தடுத்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உடுங்க, திட்டட்டும்," என்றார். "ஓமத்துக்குப் பக்கத்துல நின்னு மூச்சு உடாம திட்றா பாருங்க. இன்னும் கொஞ்ச நேரம் கேப்போம்."